குழந்தை எங்கே என்று கேட்டார்கள்

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் சத்யப்ரியாவுக்கு. சிங்காரப்பேட்டையில் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியவள். அடி வாங்கியும் திருந்தவில்லை. அடுத்த வாரமே டார்ச் லைட்டைப் பிரித்தாள். அப்படிப்பட்டவளுக்கு ஓசூரில் அமைந்த வேலையைப் பார்த்து அவள் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஓசூர் சிப்காட்டில் ஒரு அலுமினிய வார்ப்பு ஆலையில் சேர்ந்தாள். வண்டி எஞ்சினுக்கான பாகங்களை வார்க்கிற கம்பெனி. வார்த்து எடுத்த பாகம் வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே காற்றுக் குமிழ் ஒன்று ஒளிந்திருந்தால், எஞ்சின் ஓடும்போது அந்த வழியாக எண்ணெய் கசியும். அதைக் கண்டுபிடிக்க ஆலையில் ஒரு எக்ஸ்ரே இயந்திரம் வைத்திருந்தார்கள். ஈயத் தகடு பதித்த பெரிய பெட்டிக்குள் பாகம் மெதுவாகச் சுற்றும். பக்கத்து அறையில் விளக்கை அணைத்துவிட்டு, திரைக்கு முன்னால் சத்யப்ரியா உட்கார்ந்திருப்பாள். சாம்பல் நிறப் படத்தில் எங்காவது வெளிறிய பொட்டு தெரிந்தால் அது குமிழ். பாகம் தள்ளுபடி.

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கேண்டீனுக்குப் போன பிறகு அவள் வேறு சாமான்களை அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பார்ப்பாள். கணவன் ஸ்ரீராமின் செல்போன், எலுமிச்சை சாதம் கட்டி வந்த டப்பா, பூட்டு, சாவிக்கொத்து என்று ஒவ்வொரு நாளும் ஒன்று. ஒரு நாள் முழுத் தேங்காயை வைத்துச் சுற்றவிட்டாள். ஓட்டுக்குள் தண்ணீர் இப்படியும் அப்படியும் சாய்வது திரையில் தெளிவாகத் தெரிந்தது. பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கவே திரும்பினாள். மேனேஜர் ஜெகதீஷ் நின்றிருந்தார். அத்திப்பள்ளிக்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார்.

"இது எந்த கஸ்டமரோட பார்ட்டும்மா?" என்றார்.

அவர் தேங்காயை இன்னொரு சுற்று சுற்றவிட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி கம்மியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வயிற்றில் குழந்தை என்று தெரிந்ததும் எக்ஸ்ரே அறையிலிருந்து அவளை மாற்றி, அளவு பார்க்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். ஸ்வாதி பிறந்தாள். பிரசவ விடுப்பு முடிந்து மறுபடி திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தபோது குழந்தைக்கு மூன்று மாதம்கூட முடிந்திருக்கவில்லை.

அவர்கள் குடியிருந்தது மத்திகிரியில், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒன்று. ஸ்ரீராம் திண்டுக்கல்காரன், வேறொரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பக்கத்து வீட்டு அதியா, வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வாள். ஸ்வாதியும் அங்கேதான் வளர்ந்தாள். பவுடர் பால் ஸ்வாதிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் வயிற்றால் போனது. டாக்டரம்மா, "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பாலே குடுங்க, அப்புறமும் நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டார். சொல்வது சுலபம். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவள் பாலை எப்படி விட்டுவிட்டுப் போவாள்?

அதற்கு வழி சொன்னது அதியாவின் தம்பி அர்பாஸ். ஜூஜுவாடியில், கர்நாடக எல்லைக்குப் போகிற சாலையில் அவனுக்குச் செல்போன் கடை. வெளிநாட்டுச் சாமான்கள் வந்தாலும் வாங்கி விற்பான். ஒரு தடவை துபாயிலிருந்து வந்த ஒருவரிடம் ஒரு அட்டைப் பெட்டி நிறைய கலந்து கட்டி வாங்கியதில், ஒரு டப்பா என்னவென்றே புரியவில்லை. பிரிக்காத டப்பா. உள்ளே சின்ன மோட்டார், மெல்லிய ரப்பர் குழாய், பிளாஸ்டிக் புனல், இரண்டு பாட்டில். ஆஸ்துமாக்காரர்களுக்கான கருவி என்று நினைத்து கடையில் வைத்திருந்தான். ஒரு நாள் கூடவே இருந்த படப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவன், டப்பாவை அப்படியே மூடி அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

"இது குழந்த வச்சிருக்கிறவங்களுக்குன்னு நினைக்கிறன். கடையில வச்சு இன்னாருக்குன்னு சொல்லி விக்க எனக்கு வாய் வரல. நீயே யாருக்காச்சும் குடுத்துடு" என்று நிலத்தைப் பார்த்தபடி சொல்லிவிட்டுப் போனதாக அதியா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அது தாய்ப்பாலை உறிஞ்சி எடுக்கிற பம்ப். சத்யப்ரியா அதை உபயோகிப்பதற்கு முன்னால் பிரித்துப் பார்த்தாள். மோட்டார் சுற்றுகிறது, ஒரு மெல்லிய ரப்பர் சவ்வை இழுத்து இழுத்து விடுகிறது, காற்று உறிஞ்சப்படுகிறது. இவ்வளவுதான். மறுபடி பூட்டி, புனலையும் பாட்டிலையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு முயன்று பார்த்தாள். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் பாட்டிலின் அடியில் கொஞ்சம் தேங்கியது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது. காலையில் எடுத்து அதியா வீட்டு பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். ஸ்ரீராம் அந்த மோட்டார் சத்தத்தைக் கேட்டு, "தறி ஓடுற மாதிரியே இருக்கு" என்பான்.

ஸ்வாதிக்கு ஏழு மாதம் இருக்கும்போது, 2007-இல், வடக்கே ஒரு ஊரில் இருந்த கஸ்டமர் கம்பெனியிலிருந்து புகார் வந்தது. அனுப்பிய பாகங்களில் கசிவு. நேரில் வந்து, அங்கே உள்ள எக்ஸ்ரேயில் சேர்ந்து பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஜெகதீஷ் அவளைக் கூப்பிட்டு, "ரெண்டே நாள் சத்யா. பிளைட்ல போயிட்டு பிளைட்லயே வந்துடலாம். திரைய படிக்கறவங்க கூட இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றார்.

விமானம் என்றதும் அவளுக்குள் ஆசை எழுந்தது. கூடவே குழந்தையின் நினைப்பும் வந்தது. வீட்டில் ஸ்ரீராமிடம் சொன்னாள்.

"போயிட்டு வா. ரெண்டு நாளு லீவு போட்டு நான் பாத்துக்கிறேன். பால முன்னாடியே எடுத்து வச்சுட்டுப் போ" என்றான் அவன்.

"அங்க போய் எடுக்காம இருந்தா கட்டிக்கும்ங்க. காய்ச்சல் வந்துடும்."

"அப்ப மிஷினயும் தூக்கிட்டுப் போ. அதுக்கென்ன?"

ஆறேழு நாள் முன்பிருந்தே கூடுதலாக எடுத்து அதியா வீட்டு பிரீசரில் சேர்த்தார்கள். கிளம்புகிற அன்று காலை பம்பை ஒரு துண்டில் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்துக்கொண்டாள்.

பெங்களூருவில் அப்போது பழைய விமான நிலையம்தான். வழியெல்லாம் நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தார்கள். சத்யப்ரியாவுக்கு எல்லாமே வேடிக்கையாக இருந்தது. ஆனால் அவள் கண் போனது ஓரிடத்தில்தான். பைகளை விழுங்கி மறுபக்கம் துப்புகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காவலர் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திரை வண்ணத் திரை. ஆரஞ்சு, பச்சை, நீலம். அவள் இத்தனை வருஷமாகப் பார்த்தது வெறும் சாம்பல். எது ஆரஞ்சு, எது நீலம் என்று எட்டிப் பார்க்கக் கழுத்தை நீட்டினாள். உடனே இன்னொரு காவலர் கையை அசைத்து, போகச் சொன்னார்.

பெண்களுக்குத் தனி வரிசை. திரைச்சீலை போட்ட சின்ன மறைவுக்குள் ஒரு பெண் காவலர் கைக்கருவியை உடம்பைச் சுற்றி ஓட்டிவிட்டு, சீட்டில் முத்திரை குத்தி அனுப்பினார். வெளியே வந்தால் ஜெகதீஷ் தன் லேப்டாப் பையோடு காத்திருந்தார். அவளுடைய பை வரவில்லை. இயந்திரத்துக்கு அப்பால் ஒரு மேசையில் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

"யாருடைய பை?" என்று காவலர் இந்தியில் கேட்டார்.

"நம்மதுதான், நம்மதுதான்" என்று ஜெகதீஷ் முந்திக்கொண்டார்.

"உள்ளே மோட்டார், பேட்டரி, ஒயர், குழாய் தெரிகிறது. என்ன அது?"

சத்யப்ரியாவின் காதுமடல் சூடாகியது. அவள் நின்ற இடத்திலிருந்து திரை இப்போது நன்றாகவே தெரிந்தது. நிறுத்தி வைத்த படத்தில் அவளுடைய பம்ப் இருந்தது. மோட்டார் கருநீலமாக, குழாய் மெல்லிய ஆரஞ்சுக் கோடாக, புனல் கிட்டத்தட்ட நிறமே இல்லாமல். அவ்வளவு சங்கடத்திலும் அவள் மனசுக்குள் ஒரு ஓரம், உலோகத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்கு ஆரஞ்சு என்று குறித்துக்கொண்டது.

"பேபி" என்றாள்.

"குழந்தை எங்கே?"

"வீட்டில்."

காவலருக்குப் புரியவில்லை. பையைத் திறந்து துண்டைப் பிரித்தார். அவரிடம் கெடுதல் எண்ணம் ஒன்றும் இல்லை. புதுச் சாமானைப் பார்க்கிறவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னால் வரிசை நின்றது. ஜெகதீஷும் எட்டிப் பார்த்தார். கசிவு விஷயமாகப் போகிறோம், குழாயும் புனலும் மோட்டாரும் இருக்கிறது என்று அவருக்கு ஒன்றோடொன்று பொருந்திவிட்டது போலிருக்கிறது.

"சார், இது எங்க கம்பெனி இன்ஸ்ட்ருமென்ட். வேக்யூம் டெஸ்டர். லீக் டெஸ்ட் பண்றது" என்று ஆங்கிலத்தில் அடித்துச் சொன்னார்.

"அப்படியானால் கம்பெனி கடிதம் எங்கே?" என்றார் காவலர்.

ஜெகதீஷ் அவளைப் பார்த்தார். "லெட்டர் எடுத்துட்டு வரலியா சத்யா? இந்த டெஸ்டர் எப்ப வாங்கினோம் நாம?"

இனி மறைத்தால் இன்னும் சிக்கலாகும் என்று சத்யப்ரியாவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த வார்த்தையை அந்த இரண்டு ஆண்களுக்கும் பின்னால் நிற்கும் வரிசைக்கும் கேட்கும்படி எந்த மொழியில் சொல்வது? தமிழிலும் வரவில்லை, கன்னடத்திலும் வரவில்லை. "லேடீஸ் போலீஸ்கிட்ட சொல்றன் சார்" என்று மட்டும் சொன்னாள்.

கூப்பிட்டதும், சற்று முன் முத்திரை குத்திய பெண் காவலரே வந்தார். சட்டையில் நாராயணம்மா என்று பெயர் இருந்தது. பையையும் சத்யப்ரியாவையும் திரைச்சீலைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"ஏனம்மா இது?" என்று கன்னடத்தில் கேட்டார், என்னம்மா இது என்று அர்த்தம். சத்யப்ரியா அரைகுறைக் கன்னடத்தில் சொன்னாள். நாராயணம்மாவின் முகம் மாறியது.

"போட்டுக் காட்டு" என்றார் தமிழிலேயே.

சத்யப்ரியா சுவிட்சைப் போட்டாள். டுக்கு டுக்கு டுக்கு என்று ஓடியது. நாராயணம்மா புனலை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தோல் உறிஞ்சப்பட்டு மேலே எழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"நோகுமா?"

"முதல்ல கொஞ்சம். அப்புறம் பழகிடும்ங்க."

"என் மகனுக்கு நாலு மாசம். முளபாகல்ல அம்மாகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். டூட்டில சேர்ந்த பதினஞ்சு நாள்ல எனக்கு நின்னே போச்சு. இப்படி ஒண்ணு இருக்குன்னு யாரும் சொல்லல. எங்க கிடைக்கும் இது?"

"ஜூஜுவாடில ஒருத்தர் கடையில இருந்துச்சு. ஒண்ணுதான் இருந்துச்சு."

வெளியே யாரோ கூப்பிட்டார்கள். நாராயணம்மா சுவிட்சை அணைத்து, துண்டில் முன்பிருந்தபடியே சுற்றி, பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். வெளியே வந்து மேசைக்காரரிடம், "மகு சாமான் சார், பிடி" என்றார். குழந்தைச் சாமான், விட்டுவிடுங்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

விமானம் ஏறிய பிறகும் ஜெகதீஷ் வெகுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா வேற யாரையாச்சும் கூட்டிட்டு வந்திருப்பேன்" என்றார்.

"ஏன் சார்? நான் வந்தா என்ன? அதுக்குத்தான மிஷின் எடுத்துட்டு வந்தேன்" என்றாள் சத்யப்ரியா. அவர் தலையாட்டினார். அவள் அவரைத் தாண்டி மேகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

போன இடத்தில் வேலை நல்லபடியாகவே நடந்தது. இரண்டு கம்பெனி ஆட்களும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து, பாகம் பாகமாகப் பார்த்தார்கள். சிலவற்றில் குமிழ் இருந்தது, அது ஓசூர் பக்கத்துத் தப்பு. சிலவற்றில் துளை போட்ட இடம் பிசகியிருந்தது, அது அவர்கள் பக்கத்துத் தப்பு. மதியம் அங்கிருந்த முதலுதவி அறையில் நர்ஸ் ஒருத்தி கதவைச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு நின்றாள். எடுத்த பாலைக் கொட்ட சத்யப்ரியாவுக்கு மனசு வரவில்லை. விடுதியில் சொல்லிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் ஐஸ் கட்டி போட்ட டப்பாவில் இரண்டு பாட்டில்களையும் பத்திரமாக எடுத்துக்கொண்டாள். வீட்டில் வைத்துவிட்டு வந்தது எவ்வளவு மிச்சம் இருக்குமோ.

திரும்பி வருகையில் அந்த ஊர் விமான நிலையத்தில் பம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாட்டில்களைத்தான் எடுத்து மேசையில் வைத்தார்கள். திரவம் கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்திருந்த காலம் அது.

"என்ன இது?"

"பால். குழந்தைக்கு."

"குழந்தை எங்கே?"

மறுபடி அதே கேள்வி. குழந்தை கூட இருந்தால் பால் போகலாம், இல்லாவிட்டால் முடியாது என்றார் அந்த அதிகாரி. குழந்தை ஓசூரில் இருக்கிறது, பால் இங்கே இருக்கிறது, அதனால்தான் பாலைக் குழந்தையிடம் கொண்டுபோகிறேன் என்று அவள் ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். ஜெகதீஷ் இந்தத் தடவை கம்பெனிப் பேச்சை எடுக்கவில்லை. "இது அவங்களோட பால் சார்" என்று நேராகவே சொன்னார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அதிகாரி யோசித்தார். "சரி. குடித்துக் காட்டுங்கள். இரண்டு பாட்டிலிலிருந்தும்."

சத்யப்ரியாவுக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லை என்று தோன்றியது. அவர் கையால் சைகை காட்டினார்.

"நான் குடிச்சா உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"குடித்து உங்களுக்கு ஒன்றும் ஆகாவிட்டால், கெட்ட பொருள் இல்லை என்று தெரியும்."

"அப்ப அந்தத் திரையில தெரியலியா?"

"திரையில் தண்ணீரும் பாலும் எல்லாம் ஒரே நிறம்தான்" என்றார் அவர். அந்தப் பதில் நேர்மையாக இருந்தது. இத்தனை வருஷமாக அவள் நம்பிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை அது லேசாக அசைத்தது. உள்ளே பார்க்கிற இயந்திரம் பார்த்தும் சொல்லமாட்டேன் என்கிறது. கடைசியில் ஒரு ஆளின் வாயைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மறைவுக்குள் போய்க் குடிக்கலாமா என்று கேட்டாள். தன் கண்ணுக்கு முன்னால்தான் என்றார். பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். ஜெகதீஷ் தானாகவே திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி, பின்னால் நின்றவர்களுக்கு மறைப்பாக நின்றுகொண்டார். அவள் பாட்டிலில் வாய் வைக்கவில்லை. எச்சில் பட்டால் குழந்தைக்கு ஆகாது. மூடியைக் கவிழ்த்து அதில் கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள்.

தண்ணீர் மாதிரி நீர்த்திருந்தது, நல்ல இனிப்பு. பசும்பாலைவிட இனிப்பு. ஏழு மாதமாக ஸ்வாதி குடிப்பது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. இரண்டாம் பாட்டிலிலிருந்தும் ஊற்றிக் குடித்தாள். அதிகாரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாட்டில்களை அவள் பக்கம் தள்ளினார். "போங்கள்" என்றவர், பிறகு என்ன நினைத்தாரோ, "மன்னிக்கணும் அம்மா, எங்களுக்கு இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்றார்.

நடந்துபோய் இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்ட பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமா, கோபமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் ஜெகதீஷ் இருந்ததால் சத்தம் வராமல் அழுதாள். அவர் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டார். அதை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்வாதி பாட்டிலைவிட்டு அம்மாவிடமே தாவினாள். மறுநாள் அதியா அந்த இரண்டு பாட்டில்களையும் கொடுத்தபோது ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாளாம். சாயங்காலம் சத்யப்ரியா நடந்ததையெல்லாம் அதியாவிடம் சொன்னாள். அர்பாஸும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவன் நிலத்தைப் பார்க்கவில்லை.

"என் கடையிலயும் இப்படி உள்ள பாக்கற சங்கடம் இருக்குதுக்கா" என்றான். "ரிப்பேருக்குப் போன் குடுப்பாங்க. போட்டோ, மெசேஜ் எல்லாம் உள்ள அப்படியே இருக்கும். சரியாச்சான்னு பாக்க நான் தொறந்துதான் ஆகணும். ஆரம்பத்துல பாப்பேன். ஒரு தடவ தெரிஞ்ச வீட்டு ஆளோட மெசேஜ் ஒண்ணப் பாத்துட்டேன். பாத்ததுக்கப்புறம் அவர் கடைக்கு வந்தா நிமிந்து பேச முடியல. தப்பு பண்ணது அவரு இல்ல, நானும் இல்ல. இருந்தாலும் முடியல. அதுலருந்து ரிங் வருதா, பேச்சு கேக்குதா, அவ்ளோதான் பாக்கறது."

"அவருக்குத் தெரியுமா நீ பாத்தது?" என்று சத்யப்ரியா கேட்டாள்.

"தெரியாதுன்னுதான் நினைக்கிறன்."

"தெரியாட்டி பரவால்லியா?"

அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கப்புறமும் பல நாள் அந்தக் கேள்வி அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆலையில் சாப்பாட்டு நேரத்தில் பெண்களிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, பாதிப்பேர் அந்த அதிகாரியைத் திட்டினார்கள். மீதிப்பேர், குண்டு வெடித்தால் யார் பொறுப்பு என்றார்கள். இரண்டுமே அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. வேறு ஊருக்கு அனுப்பும் வேலை வந்தபோதெல்லாம் அவள் மறுக்காமல் போனாள். ஒவ்வொரு தடவையும் அந்தத் திரையை எட்டிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் விரட்டப்பட்டாள்.

2009 கடைசியில் கம்பெனி புதிய எக்ஸ்ரே இயந்திரம் வாங்கியது. அதைக் கற்றுக்கொண்டு வர, ஐரோப்பாவில் செய்கிற இடத்துக்கே அவளை அனுப்பினார்கள். ஸ்வாதி அப்போது பேசித் தீர்க்கிற வயசு. அப்பாவோடும் அதியாவோடும் இருந்துகொண்டாள். வழியில் விமானம் மாறிய ஊரில், பாதுகாப்புச் சோதனைக்கு நின்றபோது, கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒன்று இருப்பதை சத்யப்ரியா பார்த்தாள். உள்ளே நின்று இரண்டு கையையும் தூக்க வேண்டும். துணிக்கு உள்ளே இருப்பதையெல்லாம் அது படமாக எடுத்துவிடுமாம்.

அங்கே நின்ற பெண் அதிகாரி மரியாதையாகக் கேட்டாள். "இயந்திரமா, கையால் சோதிப்பதா? உங்கள் விருப்பம்."

விருப்பம் என்று அதுவரை எந்த விமான நிலையத்திலும் யாரும் அவளிடம் கேட்டதில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டாள்.

"படத்தை யார் பார்ப்பார்கள்?"

"வேறொரு அறையில் ஒருவர். அவர் உங்களைப் பார்க்க முடியாது. உங்கள் முகமும் படத்தில் தெரியாது."

"ஆணா, பெண்ணா?"

"அது எனக்குத் தெரியாது."

"நான் அந்தப் படத்தைப் பார்க்கலாமா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இதை யாரும் கேட்டதில்லை. முடியாது. பார்த்ததும் அழித்துவிடுவோம்."

சத்யப்ரியா கூண்டைப் பார்த்தாள். கால் அதன் பக்கம்தான் இழுத்தது. உள்ளே நின்றால் எப்படி இருக்கும், என்ன சத்தம் வரும், வெளிச்சம் அடிக்குமா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை. இருட்டறையில் உட்கார்ந்து பெட்டிக்குள் வருவதைப் பார்க்கிற வேலையும் அவளுக்குப் புதிதில்லை. அந்த ஆள் என்ன செய்துகொண்டிருப்பார் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. மற்றவர்களைவிட அவளுக்கு அது நன்றாகவே தெரிந்ததால்தான் தயக்கமும் வந்தது.

"கையாலேயே சோதியுங்கள்" என்றாள்.

அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு, எங்கே தொடப்போகிறாள் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுச் சோதித்தாள். சத்யப்ரியா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கூச்சமாக இருந்தது முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும், அடடா, போய் நின்றிருக்கலாமோ என்று தோன்றியது. பயிற்சி நடந்த நாளெல்லாம் அது அரித்துக்கொண்டே இருந்தது. திரும்பும்போது கட்டாயம் கூண்டுக்குள் நிற்பது என்று முடிவு செய்தாள். ஆனால் திரும்பும்போது வேறு ஊர் வழியாக டிக்கெட் போட்டிருந்தார்கள். அங்கே உலோகம் இருந்தால் சத்தம் போடுகிற பழைய கதவுச் சட்டம்தான் இருந்தது.

வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதியா வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சத்யப்ரியா அந்தக் கூண்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீங்களா இருந்தா எதுக்கு ஒத்துக்குவீங்க?" என்று எல்லோரையும் கேட்டாள்.

"கைதான்" என்றான் ஸ்ரீராம். "தொட்டுப் பாத்தமா, போனமான்னு இருக்கணும். படம் எடுத்து வச்சுக்கிட்டா எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

வெளியே கிளம்பினால் புர்கா இல்லாமல் போகாத அதியாவும் அதையேதான் சொல்லப்போகிறாள் என்று சத்யப்ரியா நினைத்தாள். அதியா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மிஷினே போதும்" என்றாள். "தெரியாத பொம்பள ஒருத்தி வந்து மேல கை வைக்கறதுக்கு, எங்கியோ கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆளு பாத்துட்டுப் போவட்டும். அவன் என்னய ரோட்டுல பாத்தாக்கூட அடையாளம் தெரியாதில்ல?"

"அவருக்கு உங்களத் தெரியாது. சரி. உங்களுக்கும் அவர் யாருன்னு தெரியாதேக்கா? அது பரவால்லியா?"

"அது தெரிஞ்சு எனக்கு என்ன ஆவணும்?"

"அப்ப அந்தப் படத்த? அழிக்கறதுக்கு முன்ன ஒரு தடவ காட்டுன்னு கேக்க மாட்டீங்களா?"

"எதுக்கு?" என்று அதியா ஆச்சரியமாகக் கேட்டாள். "என்னய நானே பாத்து என்ன பண்ணப் போறன்?"

ஸ்ரீராம் சிரித்தான். சத்யப்ரியா சிரிக்கவில்லை.

"எனக்குப் பாக்கணும்க்கா" என்றாள்.